வலிக்காத கால்

வலி வேண்டாம் என்று மனிதன் கேட்காத தெய்வம் இல்லை. தலைவலிக்கு ஒரு நேர்த்திக்கடன், வயிற்றுவலிக்கு ஒரு நேர்த்திக்கடன் என்று நம் கோயில் உண்டியல்கள் நிரம்பியதில் பாதி, வலி கொடுத்த காணிக்கைதான். இப்படிக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன மனிதனுக்கு, கேளாமலே அந்த வரத்தைக் கொடுத்துவிடும் நோய் ஒன்று உண்டு. புத்தகத்தில் நீரிழிவு என்றும் வீட்டில் சர்க்கரை என்றும் சொல்லுகிறோமே, அந்த நோய்தான்.

இரத்தத்தில் ஏறிய சர்க்கரை ஆண்டுக்கணக்கில் இறங்காமல் நின்றால் உடம்பிலுள்ள மிக நீண்ட நரம்புகள் முதலில் பழுதாகின்றன. மிக நீண்ட நரம்பு எங்கே போய் முடிகிறது? கால் விரலில். ஆகவே மரத்துப்போவதும் அங்கேதான் தொடங்குகிறது. பலருக்கு முதலில் எரிச்சல் இருக்கும். ஊசி குத்துவதுபோல் இருக்கும். இரவில் போர்வை பட்டால்கூடப் பொறுக்காது. பிறகு ஒருநாள் அதுவும் அடங்கிவிடும். "முன்பெல்லாம் கால் எரியும், இப்போது தேவலை" என்று நோயாளி மகிழ்ச்சியோடு சொல்லுவார். அந்தத் ‘தேவலை’யைக் கேட்டு அஞ்ச வேண்டியவர் வைத்தியர். எரிந்த நரம்பு குணமடையவில்லை, செத்துவிட்டது என்பதுதான் பெரும்பாலும் அதற்குப் பொருள்.

செஞ்சிக் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் விளங்கும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் ஒரே மதில் வளைத்துக் கட்டியிருக்கிறது. 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோ, மராத்தியரின் இராணுவ அரண்கள் என்ற தொகுப்பில் சேர்த்து அதை உலக மரபுச் சின்னமாக்கியது; அந்தத் தொகுப்பில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி ஒன்றுதான். சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, 1690 முதல் 1698 வரை மொகலாயர் படை அதைச் சுற்றிக் கிடந்து தவித்தது. அதே கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியும் அவனுடைய தோழர்களும் ஒரே இரவில் பிடித்தார்கள். மதில் அதே மதில்தான். அகழியும் அதே அகழிதான். ஆனால் அன்று உள்ளே இருந்தவர்கள் வேறோர் இடத்தில் தோற்றுக் களைத்து ஓடிவந்து ஒண்டிய படையினர். கல்லை நம்பிக் கோட்டை நிற்பதில்லை என்று செஞ்சிக்குப் போகிற ஒவ்வொரு பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் வாத்தியார் சொல்லலாம்.

பாதத்தின் தோலும் மதில்தான். செஞ்சியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் நெல் வயலிலும் மல்லாட்டைக் கொல்லையிலும் வேலை செய்கிறவர்களின் பாதத்தைப் பார்த்திருக்கிறீர்களா? செருப்புத் தோலே தோற்றுப்போகும். அப்படி உரமேறிய பாதத்துக்குள் சீமைக் கருவேல முள் ஒன்று ஒடிந்து தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வலி என்ற காவற்காரன் விழித்திருந்தால் அந்த மனிதர் வரப்பிலேயே உட்கார்ந்து, காலை மடித்து வைத்து, முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். காவற்காரன் செத்துப்போயிருந்தால்? அன்றும் நடப்பார், மறுநாளும் நடப்பார். முள் உள்ளேயே இருந்து சீழ் வைக்கும். வேட்டியில் கறை பட்டோ, வீட்டுப் பெண்களுக்கு நாற்றம் தெரிந்தோதான் செய்தி வெளிவரும். அதற்குள் கிருமி எலும்பைத் தொட்டிருக்கும். நீரிழிவால் காலை இழக்கிறவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் இப்படி ஒரு சிறிய புண்ணில்தான் கதை தொடங்கியது என்று வைத்தியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் காலை எடுத்த பிறகு உறவினர்கள் கட்டிலைச் சுற்றி நின்று ஒரு சொல்லைச் சொல்லுவார்கள். வைத்தியரும் சொல்லுவார். "அலட்சியம்!" முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் படுத்திருக்கும் அந்த மனிதரும் தலையை ஆட்டி ஒப்புக்கொள்ளுவார். இந்தச் சொல்லைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். வலிக்காத ஒன்றை ஒருவன் கவனிக்காமல் விட்டால் அதற்கு அலட்சியம் என்று பெயர் வைப்பது அறமாகுமா?

இந்தக் கேள்விக்கு விடை தேடினால் அது கொல்லிமலையில் பிறந்த ஒருவரிடம் கொண்டுபோய் விடுகிறது. பால் பிராண்ட் என்ற ஆங்கிலேயர் 1914இல் அந்த மலையில் பாதிரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். அறுவை வைத்தியராகி 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. பிராண்ட் ஒவ்வொரு புண்ணாகப் பார்த்து, இது எப்போது வந்தது, அன்று என்ன வேலை செய்தாய் என்று துப்பறிகிறவரைப்போல் விசாரித்தார். அடுப்பிலிருந்து பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கியது, துருப்பிடித்த பூட்டைப் பலங்கொண்ட மட்டும் திருகியது, செருப்பில் துருத்திய ஆணியோடு நாள் முழுவதும் நடந்தது என்று காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. சிலருக்கு இரவில் இருந்த விரல் விடியும்போது இல்லை. விழித்திருந்து பார்த்தபோது, உறங்குகிறவரின் விரலை எலி கடித்துத் தின்றுகொண்டிருந்தது தெரிந்தது. அவர் புரண்டுகூடப் படுக்கவில்லை. அதன்பின் வீட்டுக்குத் திரும்பும் நோயாளியோடு ஒரு பூனையையும் சேர்த்து அனுப்பினார்களாம். வைத்திய சாஸ்திரத்தில் இதைவிட மலிவான, இதைவிட அன்பான மருந்துச் சீட்டை நான் கேள்விப்பட்டதில்லை.

1966இல் பிராண்ட் அமெரிக்காவில் லூயிசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே நீரிழிவுக்காரர்களின் மரத்த பாதத்தைப் பார்த்தபோது, வேலூரில் தாம் பார்த்த அதே பாதந்தான் இது என்று அடையாளம் கண்டுகொண்டார். புண்பட்ட காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு, பாதம் முழுவதிலும் பளு பரவும்படி செய்து ஆற்றுகிற முறையை 1930களிலேயே இலங்கையில் மில்ராய் பால் என்ற வைத்தியர் தொழுநோயாளிகளுக்குச் செய்து காட்டியிருந்தார். அந்த முறையும், நுண்துளை ரப்பர் வைத்துத் தைத்த மெத்தென்ற செருப்பும் இப்படித்தான் மேல்நாட்டு நீரிழிவு வைத்தியத்துக்குள் நுழைந்தன. வைத்திய அறிவு பட்டணத்திலிருந்து கிராமத்துக்குப் போக வேண்டும் என்று நாம் பேசுகிறோம். இந்த அறிவோ நம் ஊர்த் தொழுநோய் விடுதிகளிலிருந்து புறப்பட்டு உலகத்துக்குப் போனது. செஞ்சிக்கு மட்டும் அது இன்னும் வெகுதூரமாக இருக்கிறது என்பது விசித்திரந்தான்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. தொழுநோயால் மரத்த பாதத்துக்கு அந்த ரப்பர்ச் செருப்பை அரசாங்கமே கொடுக்கிறது. நீரிழிவால் மரத்த பாதத்துக்கு உரியவரை, பெரும்பாலும், "கடையில் நல்லதாகப் பார்த்து வாங்கிப் போட்டுக்கொள்ளும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். தொழுநோயாளி சமூகத்தால் வஞ்சிக்கப்பட்டவர், ஆகவே அவருக்குக் கொடுப்பது கடமை. நீரிழிவுக்காரர் நாக்கைக் கட்டாதவர், ஆகவே அவர் தம் பாட்டைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு கணக்கு நம் மனத்துக்குள் ஓடுகிறது போலும். நோயில்கூட நாம் குற்றவாளி, நிரபராதி என்று பிரித்துத் தீர்ப்பெழுதுகிறோம். இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர் என்று 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறுகிறது. இத்தனை கோடிப் பேருமா தின்று கொழுத்தவர்கள்? வயலில் வேலை செய்துவிட்டு வந்து, ரேஷன் அரிசியைச் சோறாக்கி, குழம்பை ஊற்றிச் சாப்பிடுகிற மனிதரிடம் போய்ப் "போகத்தைக் குறை" என்று சொன்னால் அவருக்குச் சிரிப்புத்தான் வரும்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் நியாயமாகக் கேட்க வேண்டும். "உடம்பு அவருடையது, கால் அவருடையது, தினமும் ஒருமுறை குனிந்து பார்க்க முடியாதா? 2021 ஆகஸ்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பீடியை விடு என்கிறார்கள், விடுவதில்லை. இதற்குமேல் யார் என்ன செய்வது?" இந்த வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. மனிதனைப் பொறுப்பே இல்லாத பொம்மையாக்கிவிட்டு அவன்மேல் இரக்கப்படுவது மரியாதையாகாது. ஆனால் பொறுப்பு என்பது எங்கே பிறக்கிறது? நெருப்புச் சுடும் என்று எந்தக் குழந்தையும் பாடப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. சுட்டது, கையை இழுத்துக்கொண்டது, அறிந்தது. நம் பொறுப்புணர்ச்சியில் பெரும்பகுதி வலி கற்றுக்கொடுத்தது. அந்த ஆசிரியரே போய்விட்ட பிறகு, மாணவனை மட்டும் பாடம் ஒப்புவிக்கச் சொல்லுகிறோம்.

அதுமட்டுமா? நீரிழிவு கண்ணையும் மங்கச் செய்கிறது. அறுபது வயதுக்குமேல் முழங்கால் மடங்காது, இடுப்பு வளையாது. தம் உள்ளங்காலைத் தாமே பார்ப்பது வாலிபனுக்கே எளிதல்லாத வித்தை. சிலுவம்பாளையமோ சேத்துப்பட்டோ, எந்த ஊர் முதியவராயினும் தம் உள்ளங்காலைக் கடைசியாக எப்போது பார்த்தார் என்று கேட்டால் விழிப்பார். ஆக, வலி செய்துவந்த வேலையை இனி இன்னொருவருடைய கண்தான் செய்தாக வேண்டும். என் வலி எனக்குச் சொந்தம். என் வலியின்மை என்னைச் சுற்றியிருப்பவர்களின் பொறுப்பு. இதைச் சட்டமாக எழுத முடியாது. ஆனால் தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் பசியை நாம் இப்படித்தானே நம் பொறுப்பாக எடுத்துக்கொள்கிறோம்!

செஞ்சிச் சீமையில் இந்தக் கேள்விக்கு இன்னொரு கூர்மையும் உண்டு. திரௌபதி அம்மன் வழிபாட்டுக்குத் தாயகம் போன்ற பூமி இது. மேலச்சேரியில் அம்மனின் பழைய கோயில் இருக்கிறது. பாரதக் கூத்து நடந்து முடிந்தபின் பூக்குழி இறங்குவார்கள். காலில் சுடவில்லை என்றால் அது அம்மன் அருள். அந்த நம்பிக்கையை நான் கேலி செய்யவில்லை. பல தலைமுறைகளை அது தாங்கி நின்றிருக்கிறது. ஆனால் மரத்த காலோடு குழி இறங்குகிறவருக்கும் சுடுவதில்லை. அவர் பரவசத்தோடு வீடு திரும்புகிறார்; மறுநாள் காலையில் கொப்புளம். மேல்மலையனூர் அமாவாசைக்கும், திருவண்ணாமலையில் பௌர்ணமிக்குப் 14 கிலோமீட்டர் கிரிவலத்துக்கும் வெறுங்காலோடு நடக்கும் கூட்டத்தில் இப்படிப்பட்ட பாதங்கள் எத்தனை இருக்குமோ! நல்ல துணிக் காலுறை போட்டுக்கொண்டு பிராகாரம் சுற்றினால் அம்மன் கோபித்துக்கொள்ளமாட்டாள் என்பது என் கட்சி. குழி இறங்க நேர்ந்துகொண்ட நீரிழிவுக்காரரிடம், "உமக்குப் பதிலாக உம் பேரன் இறங்கட்டும்" என்று சொல்லக்கூடிய பூசாரி ஒருவர், ஓர் ஆஸ்பத்திரி செய்யமுடியாத காரியத்தைச் செய்துவிடுவார்.

தூரத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். செஞ்சியில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் புண் முற்றிவிட்டால் முண்டியம்பாக்கத்து மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போக வேண்டும். போகிற நாள் நோயாளிக்குக் கூலியில்லாத நாள். துணைக்கு வருகிறவருக்கும் கூலியில்லை. வைத்தியர், "ஆறு எட்டு வாரம் காலை ஊன்றாதீர்" என்பார். சரியான வைத்தியந்தான். ஆனால் அன்றாடக் கூலிக்காரரிடம் அப்படிச் சொல்லும்போது, எட்டு வாரம் சாப்பிடாதீர் என்றும் சேர்த்துச் சொல்லியதாகிறது. காலை ஊன்றினால் கால் போகும், ஊன்றாவிட்டால் அடுப்புப் போகும். இந்த இரண்டில் ஒன்றைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, அவர் பொறுக்கியதற்கு அலட்சியம் என்று பெயர் சூட்டுகிறோம். மாவுக்கட்டுப் போடுகிற அரசாங்கம் அந்த எட்டு வாரத்துக்கு அரிசியும் போட வேண்டும் என்று நான் சொன்னால் நிதி இலாகாவில் சிரிப்பார்கள். வெட்டிய கால் கொண்ட மனிதனுக்கு ஆயுள் முழுவதும் கொடுக்கும் உதவித்தொகையைக் கணக்குப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

தூரம் வெல்ல முடியாததும் அன்று. செஞ்சிக்குக் கிழக்கே, கடலோரப் பக்கம், சூனாம்பேடு என்ற ஊரில் 2006 முதல் ஒரு முயற்சி நடந்தது. டாக்டர் வி. மோகனின் நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார், 42 கிராமங்களுக்கு ஒரு வண்டியை அனுப்பினார்கள். கண்ணைப் படமெடுக்கும் கருவியும் காலின் உணர்ச்சியை அளக்கும் கருவியும் அதிலேயே இருந்தன. படங்கள் செயற்கைக்கோள் வழியாகச் சென்னைக்குப் போயின. இருபத்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்தார்கள். அண்மை ஆண்டுகளில் தமிழ்நாடு அரசும் ‘பாதம் பாதுகாப்போம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. பெயர் நன்றாக இருக்கிறது. வேலையும் நன்றாக நடக்கட்டும்.

ஆனால் வண்டியும் திட்டமும் வந்து வாசலில் நின்ற பிறகும் ஒரு சிறிய தூரம் மீதியிருக்கிறது. ஒருவருடைய கைக்கும் இன்னொருவருடைய காலுக்கும் இடையிலுள்ள தூரம் அது. இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊர் வைத்தியர்கள் 2011இல் ஒரு சோதனையைச் சொன்னார்கள். கருவி ஒன்றும் வேண்டாம். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இரண்டு பாதத்திலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஆள்காட்டி விரலால் மெல்ல, ஒரு விநாடியோ இரண்டு விநாடியோ, தொட வேண்டும். தட்டவோ அழுத்தவோ கூடாது. தொட்டது தெரிகிறதா என்று கேட்க வேண்டும். ஆறு இடத்தில் இரண்டு இடம் தெரியாவிட்டாலே ஆபத்து. இவ்வளவுதான். ஐந்தாம் வகுப்புச் சிறுமி செய்துவிடுவாள். ஆனால் இதற்கு ஒருவர் குனிந்து இன்னொருவரின் காலைத் தொட வேண்டும்.

நம் நாட்டில் காலைத் தொடுகிறவர்களுக்கா பஞ்சம்? பொங்கலுக்கும் கலியாணத்துக்கும் பெரியவர் காலில் விழுந்து எழுகிறோம். மேடையில் விழுகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விழுகிறோமே ஒழியப் பார்ப்பதில்லை. தாத்தாவின் காலில் விழுந்த பேரன், அந்தப் பாதத்தில் வெடிப்பு இருந்ததா, விரலிடுக்கில் வெள்ளை பூத்திருந்ததா என்று சொல்ல மாட்டான். ஐந்து ரூபாயோ ஐந்நூறு ரூபாயோ வாங்கிக்கொண்டு எழுந்துவிடுவான். வணங்குவதற்குரிய கால் வேறு, கவனிப்பதற்குரிய கால் வேறு என்று இரண்டாக வைத்திருக்கிறோம். வணங்குவது பெருமை. கவனிப்பதோ தாழ்ந்த வேலை. நகம் வெட்டியவரையும் செருப்புத் தைத்தவரையும் ஊருக்கு வெளியே குடிவைத்தது இந்தச் சமூகம். இராமனுடைய பாதுகையைச் சிம்மாசனத்தில் ஏற்றி வைத்துக் கும்பிட்ட கதையைக் கேட்டுக் கண்ணீர் விட்டவர்கள்தாம், பாதுகை தைக்கிறவரைத் தெருவுக்குள் விடவில்லை. செஞ்சியில் மூன்று பெரிய மலைகளைத் தவிர நாலாவதாக ஒரு சிறிய மலையும் அரண் கட்டப்பெற்று நிற்கிறது. அதற்குப் பழைய நூல்களில் சக்கிலி துர்க்கம் என்று பெயர். வடக்கிலிருந்து வந்த படைகள் சாமர் டிக்ரி என்றன. இரண்டுக்கும் ஒரே பொருள், செருப்புத் தைப்பவர் மலை. பார்வையாளர்கள் ராஜகிரி உச்சியைத் தேடி ஏறுகிறார்கள். இந்த மலைப் பக்கம் எட்டிப் பார்ப்பவர்கள் சிலரே.

இன்று செஞ்சி வட்டாரத்துக் கால்களைக் காப்பாற்றக்கூடியவர்களில் வைத்தியருக்கு அடுத்தபடி செருப்புத் தைக்கத் தெரிந்தவரைத்தான் நான் சொல்லுவேன். மெத்தென்ற அடி, கல்லும் முள்ளும் ஏறாத கெட்டியான புறவடி, விரல் உராயாத அகலம், குதிகாலைச் சுற்றி ஒரு வார். அளவை மாலையில் எடுக்க வேண்டும், பகலெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும் ஆதலால். அவ்வளவு செய்தால் போதும். ரப்பரும் பசையும் எங்கும் கிடைக்கின்றன. அந்தத் தொழிலாளிக்கு மருத்துவமனையிலேயே ஒரு நாற்காலியும் மாதச் சம்பளமும் கொடுத்து, வெள்ளைச் சட்டைக்காரர்களோடு சமமாக உட்காரவைத்தால் எத்தனையோ காலம் நிலுவையில் நின்ற ஒரு கடனும் கொஞ்சம் தீரும்.

அந்தப் பின்வார் எதற்கு என்று கேட்பீர்கள். சாதாரண ரப்பர்ச் செருப்பு போட்டுக்கொண்டு நடக்கும்போது, செருப்பு கழன்று வழியிலேயே விழுந்துவிட்டதும் தெரியாமல் வெறுங்காலோடு வீடுவரை வந்து சேர்ந்தவர்கள் உண்டு. மரத்த காலுக்கு இது பழைய அடையாளம். சுகாதாரத் தன்னார்வலராக மாத்திரைப் பையோடு வாசலில் வந்து நிற்கும் பெண், மாத்திரையை எண்ணிக் கொடுத்துவிட்டு, "பெரியப்பா, செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் எப்போதாவது நடந்து வந்திருக்கிறீர்களா?" என்று ஒரு கேள்வியும் கேட்கலாம். பெரியப்பா யோசிப்பார். பெரியம்மா உள்ளேயிருந்து பதில் சொல்லுவாள்.